அரைப் பேர்

அட்டன் பஸ் நிலையத்துக்கு மேலே,
பேக்கரிப் புகை ஜன்னலை உரசும் கந்தோரில்
இரவு ஏழரைக்கு நான் மட்டும்.
கணினியில் இரண்டு படிவம்.

கணக்காளராக முப்பத்தாறு மாதம் வேண்டும்.
முதலீட்டு ஆய்வாளராக நாலாயிரம் மணித்தியாலம்.
பரீட்சைகள் முடிந்துவிட்டன.
வேலை செய்தேன் என்று காட்டுவதுதான் இனி வேலை.

முதல் படிவம் நல்ல பிள்ளை.
சரக்கு எண்ணினாயா? எண்ணினேன்.
மார்ச் முப்பத்தொன்று, தேயிலை ஃபெக்டரி,
தூள் ஏறித் தும்மித் தும்மி
அறுநூற்றுப் பன்னிரண்டு மூட்டை.
ஒன்றில் மட்டும் தரையில் கூட்டி வாரிய தூசு,
அதையும் எழுதினேன்.
சேமலாப நிதி கட்டாத பதினொரு மாதத்தைக்
கண்டாயா? கண்டேன்.
அபேகோன் சேர் வாசிக்காமலே ஒப்பமிட்டார்.
என் பேனையை நான்தான் திருப்பிக் கேட்டு வாங்கினேன்.

இரண்டாவது படிவத்துக்கு எண்ணியது போதாது.
‘உமது வேலை எந்த முதலீட்டுத் தீர்மானத்தில் சேர்ந்தது?’
சின்னப் பெட்டி. ஆயிரம் எழுத்து,
இடைவெளியும் கணக்கில்.

சீட்டைச் சொல்லலாமா என்று பார்த்தேன்.
மேல் லயத்தில் பதினொரு பெண்கள், மாதம் ஐயாயிரம்,
யாருக்கு முதலில் என்பது என் தீர்மானம்.
பிரசவம் முன்னே, கலியாணம் பின்னே,
டிவி வாங்குகிறவள் கடைசி.
இடர் மதிப்பீட்டை இதைவிட எங்கே போய்ப் படிப்பது?
மேற்பார்வையாளர் பெயர் என்ற இடத்தில்
போட ஆளில்லை. விட்டேன்.

பிறகு, ஏழாம் நம்பர் மலை.

கம்பனி கேட்டது:
கிழட்டுச் செடியைப் பிடுங்கிப் புதிதாக நடலாமா?
பதினாறு நாள் உட்கார்ந்தேன்.
ஏக்கர்ச் செலவு, கிலோ விலை, வட்டி,
ஐந்து வருடம் கழித்துத் துளிர்க்கும் கொழுந்தை
இன்றைய ரூபாய்க்குச் சுருக்கும் சூத்திரம்.
விடை மைனஸில் வந்தது.
மூன்று தரம் போட்டேன். மூன்று தரமும்.
‘கைவிடலாம்’ என்று எழுதினேன்,
கீழே என் பெயர், டிலோஜினி.

இப்போது அங்கே மானாப்புல் ஆளுயரம்.
அண்ணி ரஞ்சிதம் அந்த மலையில்தான் கொழுந்தெடுத்தாள்.
இன்று ஆற்றுக்கு அப்பால் நடக்கிறாள்,
போவதற்குள் வெயில் ஏறிவிடுகிறது,
நிறை குறைந்த நாளில் செக்ரோலில் அரைப் பேர்.
பேர் என்றால் எங்களுக்கு ஒரு நாள் சம்பளம்.
முழு ரஞ்சிதம் ஏறி, முழு ரஞ்சிதம் இறங்கி,
ஏட்டில் பாதி.

அந்தப் பதினாறு நாளை
முதல் படிவத்தில் ஏற்கெனவே போட்டிருக்கிறேன்.
இரண்டிலும் போடலாமாம், கேட்டுவிட்டேன்.
ஒரு நாளைக்கு எனக்கு இரண்டு பேர்.

மூவாயிரத்து எண்ணூற்றுத் தொண்ணூறு
இதுவரை சேர்ந்தது.
நூற்றிருபத்தெட்டைக் கூட்டினால்
பதினெட்டு மணித்தியாலம் மிச்சமாய் எல்லை தாண்டும்.
கூட்டாவிட்டால் இன்னும் ஒரு மாதம்,
இன்னொருவருடைய மலை.

அண்ணியிடம் சொன்னால் திட்டமாட்டாள்.
‘கணக்கு சரியாத்தானே போட்ட?’ என்பாள்.
அதுதான் பயம்.

சரியாகத்தான் போட்டேன். அப்படியே எழுதினேன்,
செலவு, வட்டி, மைனஸ், மானாப்புல்.
பெட்டியில் கொஞ்சம் இடம் மிஞ்சியது.
ரஞ்சிதம் என்று தமிழில் தட்டிப் பார்த்தேன்.
எட்டு எழுத்து போனதாகக் காட்டியது.
என் எண்ணிக்கையில் ஐந்துதான்.

கீழே டிக்கோயா கடைசி பஸ்
ஹோர்ன் அடித்துக்கொண்டே நிற்கிறது.
எந்த மூன்று கூடுதல் என்று
இன்னும் எண்ணிக்கொண்டிருக்கிறேன்.